மேல்பாதி காலியாக இருந்த தாள்கள்

நவம்பர் 3, திங்கள்

இன்று முதல் எனக்கு இரண்டு நாட்குறிப்பு. ஒன்று பச்சை அட்டை போட்டது, கிருபாவதி டீச்சர் கொடுத்தது. எங்கள் பள்ளிக் குடிமை மன்றம் செய்யும் சேவையை அதில் தேதிவாரியாக எழுத வேண்டும். மாவட்டப் போட்டிக்கு அது போகும். மன்றச் செயலாளர் நான் என்பதால் எழுதுவது என் பொறுப்பு. என் எழுத்து மணிமணியாக இருக்கும் என்பதும் ஒரு காரணம். ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவில் இதை மறுத்துப் பேச ஆள் கிடையாது.

இன்னொன்று இது. அப்பாவின் ஜெராக்ஸ் கடையில் அட்டை கோணலாக ஒட்டிப்போய் விற்காமல் கிடந்த நோட்டு. பச்சை நோட்டில் எழுத முடியாததை இதில் எழுதுவேன். இன்று டீச்சர் வழிபாட்டுக் கூட்டத்தில் என்னை 'பியூலா ராணி' என்று அறிவித்தார். என் பெயரில் ராணி கிடையாது. இதையெல்லாம் பச்சை நோட்டில் எழுத முடியுமா?

திட்டத்தின் பெயர் 'கைநாட்டு இல்லாத குடியிருப்பு'. ஊருக்கு வடக்கே உப்பளத்தை ஒட்டி நாற்பத்தொரு வீடுகள் இருக்கின்றன. எல்லாரும் உப்பளத் தொழிலாளிகள். உப்பில் கிடந்து கிடந்து விரல் ரேகை தேய்ந்துவிட்டதால் ரேஷன் கடை மெஷின் அவர்கள் பெருவிரலை ஏற்பதே இல்லையாம். கையெழுத்துப் போடத் தெரிந்தால் பதிவேட்டில் போட்டுவிட்டு அரிசி வாங்கிக்கொள்ளலாம் என்று டீச்சர் சொன்னார். மழைக்காலத்தில் உப்பள வேலை இல்லை, ஆட்கள் வீட்டில்தான் இருப்பார்கள். எனவே ஞாயிறுதோறும் மதியம் நாங்கள் போய்க் கற்றுக்கொடுக்கப் போகிறோம்.

என் பக்கத்தில் உட்காரும் அனுசியாவின் வீடு அங்கேதான். "எங்க தெருவுக்கு வாத்திச்சியா வாரியாக்கும்? எங்கம்மாட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கப்போற" என்றாள். அவள் அம்மா பேச்சிக்கனி அத்தைக்கு வாய் நீளம். எனக்கு மட்டும் குட்டையா என்ன.

நவம்பர் 9, ஞாயிறு

முதல் வகுப்பு. கரைவிளக்கு அறக்கட்டளை என்று ஒன்று எங்களுக்கு உதவி செய்கிறது. பாய், சிலேட்டு, பேனா, ஆளுக்கு ஒரு பொட்டலம் மிக்சர், எல்லாம் அவர்கள் செலவு. அதன் சார்பில் ராஜமன்னார் சார் வந்திருந்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. என்னைப் பார்த்ததும் "வாங்க ஜட்ஜம்மா" என்றார். பதினான்கு வயதில் என்னை இப்படிக் கூப்பிட்ட முதல் ஆள் இவர்தான். எனக்குப் பிடித்திருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

என் பங்குக்கு சுடலைமுத்து தாத்தா வந்து சேர்ந்தார். எழுபத்திரண்டு வயது. உப்பு வாரும் பலகையைப் பிடித்துப் பிடித்து விரல்கள் மடங்கினபடியே நின்றுவிட்டன. பேனா அதற்குள் நிற்கமாட்டேன் என்கிறது. அடுப்புக்கரியைக் கொடுத்து, சுவரில் எழுதச் சொன்னேன். 'சு' வந்துவிட்டது. "என் பேரு இப்பிடியா இருக்கும்? பாம்பு சுருண்டு கெடக்காப்ல இருக்கு" என்று சிரித்தார். அதைப் பார்த்து எல்லாரும் கரியை எடுத்துக்கொண்டு அவரவர் சுவருக்குப் போய்விட்டார்கள்.

பேச்சிக்கனி அத்தை தூரத்தில் நின்றே பார்த்தார். "மிக்சரு யாரு வாங்கிக் குடுத்தது?" என்று மட்டும் கேட்டார்.

நவம்பர் 12, புதன்

மாலையில் கடை. தாலுகா ஆபீசுக்கு எதிரே இருப்பதால் அப்பாவுக்கு ஓய்வே கிடையாது. நான் தாள்களை அடுக்கி ஸ்டேப்ளர் அடித்துக்கொடுப்பேன். அப்பாவுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறது: 'வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.' யாரோ ஒரு பாட்டையா அப்படிப் போட்டு வயலை இழந்துவிட்டுக் கடை வாசலில் அழுதாராம். இரண்டாவது சட்டத்தை எனக்கு மட்டும் சொல்வார். "கடைக்கு வர்ற தாள வாசிக்கக் கூடாது. அச்சடிச்சுக் குடுக்கது மட்டுந்தான் நம்ம வேல."

கணக்குத் தேர்வில் 41. யாருக்கும் தெரியாது.

நவம்பர் 16, ஞாயிறு

மழை. வகுப்பு இல்லை. மிக்சர் மட்டும் குடியிருப்பில் வீடு வீடாகப் போனதாம்.

நவம்பர் 23, ஞாயிறு

குடியிருப்பின் எல்லாச் சுவரிலும் கரியில் பெயர்கள். 'மாடத்தி, மாடத்தி, மாடத்தி' என்று ஒரு வீட்டில் மட்டும் ஐம்பது முறை. ஆட்டுக் கொட்டகைத் தகரத்தில்கூட யாரோ போட்டிருக்கிறார்கள். எனக்குக் கர்வமாக இருந்தது.

ராஜமன்னார் சார் இன்று ஒரு கட்டுத் தாள் கொண்டுவந்தார். இறுதித் தேர்வாம். நன்றாகக் கற்றுக்கொண்டவர்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். தாளின் கீழ்ப்பகுதியில் மூன்று வரி அச்சிட்டிருக்கிறது: பெயர், கையொப்பம், உடனிருந்த மாணவர் கையொப்பம். மேல்பாதி காலி. அங்கே பின்னால் சான்றிதழ் வாசகமும் பூ வேலையும் அச்சாகுமாம். உடனிருந்த மாணவராக மன்றச் செயலாளர் ஒருவர் போட்டால் ஒரே மாதிரி அழகாக இருக்கும் என்றார். செயலாளர் நான்தானே.

வீட்டுக்கு ஒருவர் போதுமாம். ஆனால் ரேஷன் அட்டையில் யார் குடும்பத் தலைவரோ அவர்தான் போட வேண்டும். குடியிருப்பில் இருக்கும் அந்தோணி மாமாவுக்கு ஏற்கெனவே நன்றாகக் கையெழுத்துப் போடத் தெரியும், அவர் எதற்கு என்று கேட்டேன். "விட்டுட்டா அவரு மனசு கஷ்டப்படுமேம்மா" என்றார் சார். நல்ல மனிதர்.

நவம்பர் 30, ஞாயிறு

பதினாறு பேர் தேறினார்கள். சுடலைமுத்து தாத்தாதான் முதலில். நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு போட்டார். அவர் பெயருக்குக் கீழே 'தே. பியூலா' என்று நானும் போட்டேன்.

மாடத்தி அக்கா தாளைத் தூக்கிப் பார்த்து, "மேல வெறுசா கெடக்கே பிள்ள?" என்று கேட்டார். சான்றிதழ் அச்சாகும் இடம் அக்கா என்று விளக்கினேன். உங்கள் பெயர் ஃபிரேம் போட்டுத் தொங்கும் என்றேன். சரியென்று போட்டுவிட்டார்.

அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. அவர் சட்டம் கடன் பத்திரத்துக்கும் கிரயப் பத்திரத்துக்கும்தான். இது பள்ளிக்கூடத் தாள்.

டிசம்பர் 2, செவ்வாய்

பாடத்தில் இன்று மனு எழுதும் முறை. சும்மா எழுதிப் பார்ப்பதற்குப் பதில் நிஜமாகவே ஒன்று அனுப்பலாமே என்று சொன்னேன். குடியிருப்பின் முனையில் தெருவிளக்கு எரியாமல் நான்கு மாதம் ஆகிறது என்று அனுசியா சொல்லியிருந்தாள். பொருள், வழி, ஐயா, எல்லாம் சரியாகப் போட்டுக் கலெக்டர் ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம். டீச்சர் என் மனுவை மற்ற வகுப்புகளிலும் படித்துக் காட்டினார்.

டிசம்பர் 7, ஞாயிறு

இன்று பதினைந்து பேர். ஆக முப்பத்தொன்று.

பேச்சிக்கனி அத்தை கடைசியில் பாய்க்கு வந்து உட்கார்ந்தார். மூன்றே முயற்சியில் பெயர் வந்துவிட்டது, அதுவும் என்னைவிட நிமிர்ந்த எழுத்தில். ஆனால் தாளில் போடமாட்டாராம்.

"நாலு வருசத்துக்கு மின்ன இதே மாதிரி ஒருத்தன் சட்ட கலையாம வந்தான். மழ நிவாரணம்னு சொல்லி எல்லார்ட்டயும் பெருவிரலு வாங்கிட்டுப் போனான். எங்க கையில எங்க ரேக இருக்கு? மை மட்டுந்தான் அப்பி இருந்திருக்கு. ஆரு கைன்னே தெரியலன்னு ஆபீசுல திருப்பிவிட்டுட்டாவ."

பாவம், எழுதத் தெரியாததால் ஒரு மனு இப்படி வீணாகிவிட்டது. எங்கள் திட்டம் எவ்வளவு தேவை என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? பச்சை நோட்டில் இதை அப்படியே எழுதினேன். டீச்சர் படித்துவிட்டு, இது வேண்டாம், அடித்துவிட்டு வேறு எழுது என்றார். மேல்பாதி காலி என்று நவம்பர் 23-ல் எழுதியிருந்ததையும் 'சான்றிதழ்த் தாள்' என்று மாற்றச் சொன்னார். அடித்தல் திருத்தல் இருந்தால் மதிப்பெண் போகும் என்பதால் இன்னொரு பச்சை நோட்டு வாங்கி மொத்தத்தையும் திரும்ப எழுதினேன். விரல் வலிக்கிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

அரையாண்டுத் தேர்வு நடப்பதால் வகுப்பு இல்லை. அனுசியாவிடம் அறிவியல் நோட்டு வாங்கப் போனேன். டேப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் குடியிருப்பின் பின்பக்கம் அளந்துகொண்டிருந்தார்கள். அளந்த இடத்தில் கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டினார்கள். எதற்கு அண்ணே என்று கேட்டேன். "ரோடு" என்றார் ஒருவர். மற்றவர் அவரை முறைத்தார்.

ஆடு ஒன்று சிவப்புத் துணியைத் தின்றுகொண்டிருந்தது. அனுசியாவும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

டிசம்பர் 19, வெள்ளி

மனுவுக்குப் பதில் வந்துவிட்டது! பள்ளி முகவரிக்கு, என் பெயருக்கு. மன்றமே கூடி நின்று பிரித்தோம். 'மேற்படி பகுதிக் குடியிருப்பு, குடியிருப்போர் இசைவின் பேரில் வேறிடத்துக்கு மாற்றப்படவுள்ளதால், தெருவிளக்குக் கோரிக்கை பரிசீலிக்க இயலாத நிலையில் உள்ளது.'

அனுசியா இரண்டு முறை படித்தாள். "எங்களயா மாத்தப்போறாவ? ஆரு இசஞ்சா?" என்றாள். டீச்சர் கடிதத்தை வாங்கி மடித்து, வேறு ஏதோ குடியிருப்புக்குப் போக வேண்டியது தவறி வந்திருக்கும், இதை வெளியே பேசிப் பயமுறுத்தாதீர்கள் என்றார். ஆபீசில் இப்படி நடப்பது சகஜம்தான். கடிதம் டீச்சரிடமே இருக்கிறது.

எனக்குத் தேதி மட்டும் உறுத்தியது. நான் மனு அனுப்பியது டிசம்பர் 2. கடிதத்தில் என் மனுவின் தேதி சரியாகத்தான் இருந்தது. தவறி வந்த கடிதம் என்றால் அது எப்படி?

டிசம்பர் 21, ஞாயிறு

மீதி ஒன்பது பேர் போட்டுவிட்டார்கள். மொத்தம் நாற்பது. பேச்சிக்கனி அத்தை மட்டும் பாக்கி. "நூத்துக்கு நூறு இருந்தாத்தான் ஜட்ஜம்மா பரிசு. ஒண்ணே ஒண்ணுதான, முடிச்சிருங்க" என்றார் ராஜமன்னார் சார். அவர் சிரிக்கும்போது கண் சிரிப்பதில்லை என்பதை இன்றுதான் கவனித்தேன். வெயில் அடித்ததால் அப்படித் தெரிந்திருக்கலாம்.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். அனுசியா வீட்டுக்குக் கேக் கொண்டுபோனேன். அத்தை எனக்கு மீன் வறுத்துப் போட்டார். தாளைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

மாலையில் கடையில் உதவினேன். மெஷின் சூடாகிவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

ஜனவரி 5, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. தலைவலி.

ஜனவரி 8, வியாழன்

அனுசியா என்னிடம், என்னட்டி பேசவே மாட்டேங்கிற என்று கேட்டாள். பல்வலி என்று சொன்னேன். தலைவலி என்று நேற்று சொல்லியிருந்தேன் போல. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 11, ஞாயிறு

டீச்சர் கடைசித் தாளைக் கையில் கொடுத்து என்னைத் தனியாக அனுப்பினார். மற்றவர்கள் பள்ளியில் கலை நிகழ்ச்சி ஒத்திகை.

உப்பளத்தில் பாத்தித் தரையை மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலை தொடங்கிவிட்டது. அத்தை அப்போதுதான் வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். பாதம் முழுக்க வெடிப்பு. தாளை நீட்டினேன். அவர் ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மேல என்ன வரும்?"

"சான்றிதழ் அத்தை."

"அத அடிச்சிக் கொண்டா. அனுசியா வாசிச்சுச் சொல்லட்டும். பொறவு போடுதேன்." தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "ஏன் பிள்ள இப்பிடி வேர்க்குது ஒனக்கு? தண்ணி குடிக்கியா?"

தண்ணீர் குடித்தேன். வற்புறுத்தவில்லை. அதை மட்டும் நான் செய்யவில்லை. பச்சை நோட்டில் 'பயிற்சியாளருக்கு உடல்நலமில்லை' என்று எழுதினேன்.

ஜனவரி 16, வெள்ளி

பொங்கல் விடுமுறை. கரும்பு கடித்து ஈறில் ரத்தம். அப்பா இரண்டு நாளாகக் கடையைத் திறக்கவில்லை. பண்டிகைக்குக்கூட அடைக்காத கடை.

ஜனவரி 22, வியாழன்

எங்கள் பள்ளிக்குத்தான் முதல் பரிசு. மாவட்டத்திலேயே சிறந்த குடிமைப் பணி. நூற்றுக்கு நாற்பதாவது போதும் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. நான் சொல்ல வந்தது நாற்பத்தொன்றுக்கு நாற்பது. எழுத்துகூடக் குளறுகிறது. தலைமையாசிரியர் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன், எறும்பு மொய்த்துவிட்டது.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினம். மைதானத்தில் மேடை. குடியிருப்புக்காரர்களை அறக்கட்டளை வேன் வைத்து அழைத்து வந்திருந்தது. சுடலைமுத்து தாத்தா மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் முதல் வரிசையில் இருந்தார். என் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்று, "எங்க டீச்சரு! எங்க டீச்சரு!" என்று மடங்கின கையால் தட்டினார். சத்தமே வரவில்லை. தட்டிக்கொண்டே இருந்தார்.

கேடயம் கனமாக இருந்தது. அரசமைப்பின் முகப்புரையை மனப்பாடமாகச் சொல்ல வேண்டியது நான். 'இந்திய மக்களாகிய நாம்' என்பதோடு நின்றுவிட்டேன். அடுத்து என்ன வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். வாய் வரவில்லை. வெயில் அதிகம், பிள்ளை மயங்கிவிட்டாள் என்று கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள்.

ஃபிரேம் போட்ட சான்றிதழ் எங்கே என்று மாடத்தி அக்கா கேட்டார். வந்துகொண்டிருக்கிறது என்று ராஜமன்னார் சார் சொன்னார்.

ஜனவரி 27, செவ்வாய்

வந்துவிட்டது. நாற்பது வீட்டுக் கதவிலும் ஒட்டியிருக்கிறார்கள். பேச்சிக்கனி அத்தை வீட்டுக் கதவிலும் சேர்த்து நாற்பத்தொன்று. அனுசியா ஒன்றைக் கிழித்துக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். 'தாங்கள் எழுத்துமூலம் அளித்த இசைவின்படி' பிப்ரவரி 10-க்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பதினெட்டு கிலோமீட்டர் தள்ளிப் புது இடம். இங்கே கன்டெய்னர் லாரிகள் நிற்கும் இடம் வரப்போகிறது. ஆட்சேபணை இருந்தால் 3-ம் தேதி விசாரணையில் ஆதாரத்தோடு சொல்லலாம்.

விடிவதற்குள் உப்பளத்தில் நிற்க வேண்டிய ஆட்கள் பதினெட்டு கிலோமீட்டரிலிருந்து எப்படி வருவார்கள்?

நோட்டீசின் பின்னால் இசைவுக் கடிதத்தின் நகல் ஒன்று இணைத்திருந்தது. சுடலைமுத்து தாத்தாவுடையது. வளைந்த 'சு'. அதற்குக் கீழே என் கையெழுத்து. அனுசியா அதில் விரலை வைத்துக்கொண்டு என்னை ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையை எடுத்துக்கொண்டு பின் பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

ஜனவரி 28, புதன்

ஜனவரி 4-ல் 'வேறு விசேஷம் இல்லை' என்று எழுதியது பொய்.

அன்று கடைக்குப் போனபோது அப்பா பெரிய மெஷினில் ஒரு கட்டை ஓட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே அச்சான தாள் இரண்டாம் முறை உள்ளே போய்க்கொண்டிருந்தது. வெளியே விழும் தாளை அடுக்கலாம் என்று கையில் எடுத்தேன். மாடத்தி அக்காவின் பெயர். கீழே நான். மேல்பாதியில் பூ வேலை இல்லை. 'நான் இக்குடியிருப்பில் உள்ள என் வீட்டை என் முழுச் சம்மதத்துடனும், யாருடைய தூண்டுதலும் இன்றியும்' என்று தொடங்கி ஏழு வரி. நான் ஏழு வரியையும் படித்தேன். தாள் சூடாக இருந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். கட்டை மெதுவாகக் குப்புறத் திருப்பி வைத்தார். "வாசிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேம்லா" என்றார். அவர் குரல் அவருடையது மாதிரியே இல்லை. 'தே. பியூலா'வை அவரும் பார்த்திருக்கிறார். பார்த்தபிறகும் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இருவரும் ஒன்றாகக் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து தோசை சாப்பிட்டோம்.

அதன் பிறகு நோட்டீஸ் வரும்வரை இருபத்திரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. பரிசுக்காகவா, அப்பாவுக்காகவா என்று யோசித்துப் பார்க்கிறேன். இரண்டுக்கும்தான். அத்தையிடம் தாளை நீட்டினேன் என்பதை நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஜனவரி 30, வெள்ளி

தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். ராஜமன்னார் சார் மட்டும் உட்கார்ந்திருந்தார். கிருபாவதி டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

மேசையில் ஒரு தாள். 'வாசகத்தை ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டி, அவர்கள் புரிந்துகொண்ட பிறகே கையொப்பம் பெறப்பட்டது. உடனிருந்த சாட்சி.' இந்தத் தடவை மேலே முழுவதும் அச்சாகியிருந்தது.

"ஒரு கையெழுத்து ஜட்ஜம்மா. அழகாப் போடுவீங்களே" என்றார்.

"அப்பாட்ட கேட்டுட்டுப் போடுறேன் சார்."

"அப்பாவா? அவரு நம்ம ஆளும்மா. அச்சடிச்சதே அவருதான. விசாரணைன்னு வந்தா அவரு பேரும் வரும், கடை பேரும் வரும். எதுக்கு?" பேனா மூடியைத் திறந்து என் பக்கம் வைத்தார். நான் எடுக்கவில்லை. அவருக்குக் கோபம் வரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "சரி, திங்கக்கிழமை போடலாம். அந்தப் பச்சை நோட்டைக் குடுங்க, பத்திரமா இருக்கட்டும்."

கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தார்.

"இது தவிர வேற எதுலயாவது எழுதி வைக்கிற பழக்கம் உண்டா?"

"இல்ல சார்" என்றேன்.

டீச்சர் அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். நான் எதையும் எழுதாமல் இருக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜனவரி 31, சனி

குடியிருப்புக்குத் திரும்பும் சாலை வளைவில் மஞ்சள் நிற மண் அள்ளும் இயந்திரம் ஒன்றை இறக்கி வைத்திருக்கிறார்கள். இன்னும் பத்து நாள் இருக்கிறதே என்றால், சும்மா நிற்கிறது என்கிறார்களாம். பிள்ளைகள் அதன்மேல் ஏறி விளையாடுகிறார்கள்.

காலையில் இந்த நோட்டை அப்பாவின் மேசையில் வைத்தேன். "நம்ம கடைக்கு வந்த தாள் இல்லப்பா. நீங்க வாசிக்கலாம்" என்றேன். நின்றபடியே தொடங்கியவர் நவம்பர் 30 வரும்போது உட்கார்ந்துவிட்டார். ஜனவரி 28-ஐ இரண்டு முறை படித்தார். கிழித்துவிடுவாரோ என்று பயந்தேன். கிழித்தால் என்ன செய்வேன் என்பதும் எனக்குத் தெரியவில்லை.

"என் பேரு வருது" என்றார்.

"ஆமாப்பா."

சுவரில் ஒட்டியிருந்த அவருடைய முதலாவது சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தேதியெல்லாம் சரியாப் போட்டிருக்கியா?" என்று கேட்டார்.

"எல்லாம் சரிதான்."

மெஷினைப் போட்டார். அது சூடாகும்வரை காத்திருந்து, ஒவ்வொரு பக்கமாக அவரே நகல் எடுத்தார்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இதை அனுசியா வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மதியம் வழக்கமான நேரத்துக்குப் போனேன். பாய் விரிக்க ஆள் இல்லை. நானே விரித்தேன். யாரும் உட்காரவில்லை. பேச்சிக்கனி அத்தை வந்து, "எதுக்கு வந்த?" என்றார். நோட்டைக் காட்டி, இதில் எந்தத் தேதியில் தாள் காலியாக இருந்தது என்பது இருக்கிறது என்றேன். எல்லாரையும் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நானே கூப்பிடுதேன். நீ வாசி. ஒரு எழுத்து விடாம வாசி."

நவம்பர் 3-லிருந்து வாசித்தேன். கணக்கில் 41 வாங்கியது, ராணி கிடையாது என்பது, எல்லாவற்றையும் வாசித்தேன். ஆடு துணி தின்ற இடத்தில் யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். ஜனவரி 4 வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். அனுசியா பின்னால் நின்றவள் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "ம், மேல வாசி" என்றாள்.

முடித்தபோது யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். மாடத்தி அக்கா எழுந்துபோய்த் தன் வீட்டுச் சுவரில் இருந்த ஐம்பது மாடத்தியையும் ஈரத் துணியால் துடைக்கத் தொடங்கினார். சுடலைமுத்து தாத்தா தன் விரல்களை விரிக்க முயன்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெருவிரலாவே இருந்திருந்தா, ரேக இல்லன்னு இந்தத் தடவயும் தப்பிச்சிருப்போம் பிள்ள" என்றார்.

நான் அழுதேன். யாரும் தடுக்கவில்லை.

அத்தை நோட்டை வாங்கிப் பக்கங்களைப் புரட்டினார். அவரால் படிக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் மேல்பகுதியையும் கூர்ந்து பார்த்தார். "எல்லாம் நெறஞ்சு கெடக்கா? எங்கயும் வெறுசா விட்டுறலயே?" என்று அனுசியாவிடம் கேட்டார். இல்லை என்றாள்.

"நாளக் கழிச்சி விசாரணையில இத அவிய முன்ன வச்சி நீதான் வாசிக்கணும். அவன் உன்னயும் உங்கப்பனயும் சும்மா விடமாட்டான். தெரியும்லா?"

"தெரியும் அத்தை. அப்பாவும் வாரேன்னு சொன்னாங்க."

"அப்ப கையெழுத்தப் போடு."

எழுதி முடித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். வளைவில் அந்த இயந்திரத்தின் என்ஜினை யாரோ ஓடவிட்டுப் பார்க்கிறார்கள், சத்தம் இங்கே கேட்கிறது. அத்தை என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அடியில் இடம் விடாதே, கோடு கிழி என்கிறார். சாட்சிக் கையெழுத்து அவர் போடப்போகிறார். அவர் தாளில் போடும் முதல் கையெழுத்து இது.

மேலே எழுதியிருக்கும் எல்லாவற்றையும் நானே எழுதினேன். எல்லாருக்கும் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுகிறேன்.

தே. பியூலா

சாட்சி: பேச்சிக்கனி